சண்டியர் இழுத்த தெரு

நெடுவோடைப்பட்டியில் ஒரு தெரு அப்படியே எழுந்து நடந்து வந்தது, அதை இழுத்து வந்தது ஒரு நாய் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பல் அவர்களுடையது, தெரு எங்களுடையது. நம்பப் பிடிக்காதவர்கள் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேருங்கள், மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சொல்லுகிறேன்.

அந்த நாய் கோம்பை ஜாதி. செவலை நிறம், மூஞ்சி மட்டும் அடுப்புக்குள் விட்டு எடுத்த மாதிரி கறுப்பு. மேலத்தெருப் பெரியவீட்டு நல்லசிவம் அதைக் குட்டியிலேயே மலையடிவாரத்திலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்தார். அவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. சோளக்காட்டில் பன்னி புகுந்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார், கிளம்பும்போது ஒரு நாய் தன் குதிகாலை ஒட்டி நடந்து வரவேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. துப்பாக்கிக்காரன் நடந்தால் நாய் நடக்கவேண்டும், நின்றால் நிற்கவேண்டும், அவன் சொல்லும் வரை மூக்கை அவன் முட்டிக்கு முன்னால் நீட்டக்கூடாது. நீட்டிக்கொண்டு ஓடினால் பன்னிக்குப் போகிற குண்டு நாய்க்குப் போய்விடும். இந்த நடையைப் பழக்க அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அது கீழத்தெரு வெயிலுகந்தாள்.

ஆள் ஒல்லி, வாய் நீளம். புருஷன் பூவலிங்கம் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவன், ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு அரைநாள் யோசிப்பான். பிள்ளை இல்லை என்று யாராவது ஜாடையாகக் குத்தினால் வெயிலுகந்தாள் விடமாட்டாள். "எனக்கு நாலு காலுல வருது, உனக்கு ரெண்டு காலுல வருது, எதுடி சொல்பேச்சு கேக்குது" என்று திருப்பிக் கேட்பாள், கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு போவாள். அவள் கைக்கு வந்த நாய் எதுவும் அதுவரை தோற்றதில்லை, அவளும் தோற்றதில்லை.

நல்லசிவம் குட்டியை அவளிடம் கொடுத்துவிட்டபோது அதற்கு ராஜா என்று பேர். அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அது கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு அவளை முள்ளுக்காடு வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போனது, வழியில் ஒரு செருப்பு அறுந்து முந்தானை கிழிந்தது. திரும்பி வந்தவள், "இது ராஜா இல்ல, சண்டியரு" என்றாள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பேர், பெரியவீட்டைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

அவள் பழக்குகிற முறை லேசானது. நாயை இடது காலோடு சேர்த்து நிறுத்தி, "ஒட்டு" என்று ஒரே சொல் சொல்லி நடப்பாள். அது முந்தினால் சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் நடப்பாள். மறுபடி முந்தினால் மறுபடி திரும்புவாள். மற்ற நாய்கள் நாலைந்து நாளில் சலித்துப்போய், எங்கே போகிறாளோ போகட்டும் என்று காலோடு வர ஆரம்பிக்கும். சண்டியர் சலிக்கவில்லை. அவள் கிழக்கே திரும்பினால் கிழக்கே இழுத்தது, மேற்கே திரும்பினால் மேற்கே இழுத்தது, அதற்கு எந்தத் திசையும் சம்மதம், முன்னால் போகவேண்டும், அவ்வளவுதான். கடைசியில் திரும்பித் திரும்பி அவளுக்குத்தான் தலை சுற்றியது.

அதற்கும் அடங்காத நாய்க்கு அந்தப் பக்கத்தில் கல் கட்டுவார்கள். நாய் ஆளோடு மல்லுக்கட்டக்கூடாது, கயிற்றோடு மல்லுக்கட்டித் தோற்கவேண்டும் என்பதற்காக, நகராத ஒரு பாரத்தில் கட்டிவிட்டு ஒரு பொழுது முழுக்க இழுக்க விடுவார்கள். இழுத்துப் பார்த்து, முடியாது என்று அதுவாகவே படுத்துவிட்டால் மறுநாள் கையில் நிற்கும். வெயிலுகந்தாள் முதலில் ஆட்டுரலில் கட்டினாள். சண்டியர் உரலைத் தெருவில் உருட்டிக்கொண்டு போய் நாலு வீடு தள்ளியிருந்த குருவம்மா மதினி வீட்டு வாசலில் விட்டது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் கட்டினாள், சக்கரம் பின்னாலேயே போனது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கயிற்றைப் பிடித்து விறுவிறுவென்று தெருமுனைக்கு நடந்து, யாரும் தொடாத கல்லில் கொண்டுபோய்க் கட்டினாள்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். கீழத்தெரு, கண்மாய் நிரம்பினால் வழிகிற மறுகால் ஓடைக்கரையில் தாழ்வாக இருந்தது. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வரும், தெரு முழுக்கச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கும். மேலத்தெரு மேட்டில் இருந்தது. நடுவில் பெரிய பொட்டல், அது யாருக்கும் பட்டா இல்லாத சும்மா நிலம். அதில் கொஞ்சம் மேடாக இடம் விட்டால் வீடு கட்டிக்கொள்கிறோம் என்று கீழத்தெரு கேட்கும்போதெல்லாம் மேலத்தெரு ஒரே பதில்தான் சொல்லும்: "கல்லு இருக்குல்ல." மேலத்தெருத் தாத்தன்மார் நட்டுவைத்த எல்லைக்கல் அது. கல்லுக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு, அதுதான் பேச்சு. கீழத்தெருக்காரர்கள் அதைச் சுற்றித்தான் போவார்கள், அதன்மேல் துணிகூடக் காயப்போட மாட்டார்கள்.

அந்தக் கல்லில்தான் வெயிலுகந்தாள் நாயைக் கட்டினாள். "இழு பாப்போம், உன் தாத்தனும் என் தாத்தனும் அசைக்காத கல்லு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் குருவம்மா மதினி பழக்கதோஷத்தில் புறவாசல் வழியாகக் கழுநீரைக் கொண்டுபோய் ஓடையில் ஊற்றப் போனாள். போனவள் சட்டியோடு திரும்பி வந்தாள்.

"ஏ வெயிலா, ஓடையக் காணோம்."

வெயிலுகந்தாள் எழுந்து வந்து பார்த்தாள். ஓடை இருந்த இடத்தில்தான் இருந்தது. நடுவில் ஒரு துண்டு நிலம், பாயைச் சுருட்டி எடுத்த தரை மாதிரி வெறுமையாகக் கிடந்தது. தெருமுனையில் கல் பொட்டலுக்குள் இறங்கி நின்றது, சண்டியர் கழுத்துக்கயிறு விறைக்க இன்னும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓடை எங்க போகும் மதினி, நாமதான் வந்துட்டோம்" என்றாள்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் குருவம்மா கழுநீரை முருங்கை மூட்டில் ஊற்றினாள். முருங்கையும் கூடவே வந்திருந்தது, வீடுகளும் வந்திருந்தன, அடிகுழாயும் வேப்பமரமும் ஆட்டுக்கொட்டிலும் வந்திருந்தன. குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை, அடைக்கோழி எழுந்திருக்கவில்லை, தொட்டிலில் கிடந்த பிள்ளை கண் முழிக்கவில்லை. கல் எங்கே முடிகிறதோ அங்கேதான் கீழத்தெரு தொடங்கவேண்டும் என்று அத்தனை காலம் சொல்லி வைத்திருந்தார்கள், தெருவும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கல்லுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது.

அன்றைக்குப் பொழுது சாய அவள் நாயை அவிழ்க்கவில்லை. மறுநாளும் அவிழ்க்கவில்லை. பழக்கத்தானே கட்டியிருக்கிறது, பழகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் போனால் எந்த அதிசயமும் வீட்டுவேலையாகிவிடும். சண்டியர் வெயில் தாழ்ந்த பிறகுதான் இழுக்கும் என்று தெரிந்ததும் பெண்கள் அதற்குள் அடுப்பை அணைத்தார்கள், "நாய் இழுக்குறதுக்குள்ள வந்துரு" என்று பிள்ளைகளை விளையாட அனுப்பினார்கள். பிள்ளைகள் வாசல்படியில் வரிசையாக உட்கார்ந்து, பஸ்ஸில் முன்சீட்டுப் பிடித்த மாதிரி, மேலத்தெரு கிட்ட வருவதை வேடிக்கை பார்த்தார்கள். கரண்டு ஆபீஸ் லைன்மேன் வந்து, போன தடவை விறைப்பாக இருந்த கம்பி இப்போது எப்படித் தொங்குகிறது என்று தெருவையே திட்டினான். திட்டிவிட்டு, இனி எவ்வளவு தூரம் போவதாக உத்தேசம் என்று விசாரித்து அதற்குத் தகுந்த மாதிரி இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். கீழத்தெருவில் பெண் எடுக்க யோசித்த சம்பந்தக்காரர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், கல்யாணத்தன்று எங்கே இருப்பீர்கள் என்று கேட்டு அனுப்பினார்கள். ஒரே ஒரு குறை, சுடுகாடு தள்ளிப்போனது. செத்தவர்களுக்குத்தானே தூக்க ஆள் இருக்கிறது, உயிரோடு இருக்கிறவன் நடை குறைந்தால் போதும் என்று பெரிய ஆட்கள் பேசி அதையும் முடித்துக்கொண்டார்கள்.

மேலத்தெருவுக்கு முதலில் வந்து சேர்ந்தது கருவாட்டுக் குழம்பு வாசனை. அப்புறம் சத்தம், அப்புறம் முகம். அதுவரைக்கும் கீழத்தெரு என்றால் அவர்களுக்குப் பொட்டலுக்கு அப்பால் ஒரு புகை. இப்போது ஜன்னலைத் திறந்தால் யார் வீட்டில் யார் தலைவாருகிறாள் என்பது வரைக்கும் தெரிந்தது. சிலர் ஜன்னலைச் சாத்தினார்கள். நல்லசிவத்தின் சம்சாரம் மட்டும் கிழக்கு ஜன்னலைச் சாத்தாமல், அந்தக் குழம்பில் மாங்காய் போடுகிறார்களா என்று வேலைக்காரியிடம் கேட்டுக்கொண்டாள்.

மேலத்தெரு சர்வேயரைக் கூட்டி வந்தது. அவர் வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து, வெயிலில் குனிந்து நிமிர்ந்து அளந்தார். அளந்து முடித்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "கல்லுக்குக் கிழக்கே கீழத்தெருன்னு உங்க தாத்தாமாரே எழுதிக் கொடுத்திருக்காங்க. கல்லுக்குக் கிழக்கேதான் கீழத்தெரு இருக்கு. ஒரு பிசகும் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குள் கல் பொட்டலின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. ஊரிலேயே தாழ்ந்த இடம் அதுதான், ஓடைக்கரையைவிடத் தாழ்வு. அந்தப் பள்ளத்தில் தெரு இறங்கி நின்ற அன்றைக்குத்தான் நல்லசிவம் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கீழத்தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்.

"ஏத்தா வெயிலா, நான் நாயக் குடுத்தது எதுக்கு?"

"குதிகால் ஒட்டி நடக்கப் பழக்குறதுக்கு மொதலாளி."

"பழக்குனியா?"

"அது கொஞ்சம் மொரட்டு நாயி."

"மொரட்டு நாய் எனக்கு வேண்டாம். கருப்பசாமிக்குப் புரட்டாசிப் பொங்கல் வைக்குற அன்னைக்கு, இந்தக் கல்லுலருந்து எங்க தெரு வழியாக் கோயில் வரைக்கும் நீ நடக்கணும். நாய் உன் குதிகாலுக்குப் பின்னால வரணும். ஒரு தடவ முன்னால மூக்க நீட்டுச்சுன்னாலும் அங்கனயே சுட்டுருவேன். என் நாய், என் தோட்டா. எவனும் கேக்க முடியாது." துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஒழுங்கா வந்துச்சுன்னா உசுரோட இருக்கும். சாமி மேல சத்தியம்."

அவர் போனபிறகு தெரு கூடிப் பேசியது. கணக்கு எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. நாய் நடை பழகினால் இழுக்காது. இழுக்காவிட்டால் தெரு இந்தப் பள்ளத்திலேயே நின்றுவிடும், ஐப்பசித் தண்ணீர் முழங்கால் அளவு அல்ல, கூரை அளவு நிற்கும். நாய் நடை பழகாவிட்டால் சுடுவார், அப்போதும் இழுக்க நாய் இல்லை.

"பொங்கலுக்குள்ள முடிஞ்ச மட்டும் இழுக்க விடு" என்றார் ஒருவர். "மேடு ஏறிட்டா நாய் போனாப் போகுது."

"நாய் போனாப் போகுதா?" வெயிலுகந்தாள் எழுந்தாள். "உன் வீடு மேட்டுல நிக்கணும், அது மண்ணுக்குள்ள போகணும், அப்படித்தான? உன்னக் கட்டி இழுக்க விடுவேன், சம்மதமா?"

அவர் வெற்றிலையை மடித்தார். குருவம்மா, "அவருக்கும் வேற வழி தெரியலைல்லா, ஏன் அவர ஏசுற" என்று சமாதானம் சொன்னாள். உண்மைதான், வழி தெரியவில்லை. நாய் கட்டிக் கிடந்த கல்லடியில் போய் உட்கார்ந்து வெயிலுகந்தாள் அழுதாள். நாய்க்காக அழுகிறாளா தெருவுக்காக அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சண்டியர் வந்து அவள் மடியில் தலையை வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெருமூச்சு விட்டது. கூடவே வந்த பூவலிங்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இழுக்குறதுக்கு நாய்தான் வேணும்னு யாரு சொன்னா" என்றான். சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

அந்தப் பேச்சு என்னவென்று அவளுக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி பூவலிங்கத்தின் வேலைநாளைக் குறைத்துப் போட்டுவிட்டான் என்று தெரிந்து, அவனை நாலு கேள்வி கேட்கிறதற்காகப் புறப்பட்டாள். கோபத்தில் கல்லில் கட்டிக் கிடந்த நாயை எதற்கு அவிழ்த்தாள் என்று தெரியாது, அவிழ்த்தாள், கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை, நடந்தாள். ரோட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மேஸ்திரியைப் பார்த்து வாய்நிறையக் கேட்டுவிட்டுத் திரும்பி, பாதி வழியில் நினைவு வந்து குனிந்து பார்த்தால் சண்டியர் அவளுடைய இடது குதிகாலை ஒட்டி வந்துகொண்டிருந்தது. போகும்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது. அவள் நின்றாள். நின்ற மறுகணம் அது முன்னால் பாய்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாள் அவள் நடந்ததெல்லாம் நடை இல்லை. நாயைத் திருப்புவதற்காக நடந்தாள், நாயை நிறுத்துவதற்காக நடந்தாள், எங்கேயாவது போகவேண்டும் என்று நடக்கவில்லை. எங்கும் போகாத ஆளுக்குப் பின்னால் வர சண்டியருக்கு என்ன தலையெழுத்தா? நிஜமாகவே போகிற ஆளாக இருந்தால் அது பின்னால் வரும், தயங்கி நிற்கிற ஆளாக இருந்தால் முன்னால் போய்விடும். இத்தனை நாய் பழக்கியும் இது தெரியவில்லையே என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, மேலே நடந்தாள், நாய் பின்னால் வந்தது.

அன்றிலிருந்து அவள் சண்டியரைக் கல்லில் கட்டவில்லை. இன்னும் பள்ளத்தைத் தாண்டாத தெரு அங்கேயே நின்றது. ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், அவள் எதுவும் சொல்லாமல் கிணற்றடியில் கிடந்த, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை வடத்தை எடுத்து எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசிப் பொங்கலன்று மேலத்தெரு இரண்டு பக்கமும் நிறைந்து நின்றது. நல்லசிவம் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கீழத்தெரு ஆட்கள் மேலத்தெருவில் நடந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். வெயிலுகந்தாள் அன்றைக்குப் புதுச்செருப்பு போட்டுக்கொண்டு கல்லடிக்கு வந்தாள். கமலை வடத்தின் ஒரு முனையைக் கல்லில் முடிந்தாள், மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றி முடிந்தாள், சண்டியரின் கழுத்துக்கயிற்றை அவிழ்த்துப் பூவலிங்கம் கையில் கொடுத்தாள்.

"இது என்னத்தா கூத்து?" என்று நாற்காலியிலிருந்து கேட்டார் நல்லசிவம்.

"நாய்க்குக் கயிறு இல்ல மொதலாளி, கயிறு இல்லாமலே வரும். இது எனக்கு."

"உனக்கு எதுக்கு?"

"நாயத்தான பின்னால நடக்கச் சொன்னீங்க. என்ன எப்படி நடக்கணும்னு நீங்க சொல்லலையே." அப்புறம் குனிந்து, "ஒட்டு" என்றாள். நடந்தாள்.

வடம் விறைத்தது. இடுப்பில் அது ஏறியபோது அவளுக்குக் கண் இருண்டது, ஆனாலும் அடுத்த காலை எடுத்து வைத்தாள், அடுத்ததையும் வைத்தாள், கல் கொரகொரவென்று அசைந்து பின்னால் வந்தது, கல்லுக்குப் பின்னால் அவள் வீடு வந்தது, குருவம்மா வீடு வந்தது, வேம்பும் அடிகுழாயும் ஆட்டுக்கொட்டிலும் வந்தன, பள்ளத்திலிருந்து தெரு முழுசாக மேட்டில் ஏறத் தொடங்கியது. சண்டியர் அவள் இடது குதிகாலை ஒட்டி, மூக்கு அவள் முட்டியைத் தாண்டாமல், காதை விறைத்துக்கொண்டு நடந்தது. இவள் போகிறாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மேட்டின் பாதியில் அவளுக்கு மூச்சு நின்றுபோனது. கால் மண்ணில் புதைந்தது, வடம் எலும்பில் அறுத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நின்றாள். சண்டியரின் மூக்கு மெல்ல முன்னால் வந்தது, முட்டிக்கு நேராக வந்தது. நல்லசிவம் நாற்காலியிலிருந்து எழுந்து துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். வெயிலுகந்தாள் அதைப் பார்த்தாள். நிற்காதே, நிற்காதே என்று மனசு அடித்துக்கொண்டது, கால் கேட்கவில்லை, நான் தோற்றால் இது சாகுமே என்று நெஞ்சு வெடித்தது.

அப்போது வடம் லேசாகியது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, பூவலிங்கம் பின்னால் வடத்தைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பின்னால் குருவம்மா, "இழுடி, சோறு வடிச்சு வச்சுட்டு வந்திருக்கேன்" என்று முனகிக்கொண்டு பிடித்தாள். அதற்குப் பின்னால் நாய் போனால் போகுது என்று சொன்ன மனுஷனும் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பிடித்தார். அப்புறம் யார் யார் என்று சொல்வானேன், வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்து பிடித்தார்கள், தங்கள் வீட்டைத் தாங்களே இழுத்துக்கொண்டு மேடு ஏறினார்கள். வெயிலுகந்தாளின் கால் எழும்பியது. முட்டிக்கு நேராக வந்த மூக்கு பின்வாங்கி, பழையபடி குதிகாலோடு சேர்ந்துகொண்டது.

அவள் மேலத்தெருவுக்குள் நடுவாக நடந்தாள், ஓரமாகப் போகவில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்கள் வாயைத் திறந்தபடி ஒதுங்கினார்கள், ஒதுங்கின இடத்தில் கீழத்தெரு வீடுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, எதிர்வாசலுக்கு எதிர்வாசலாக, சுவரில் ஒரு கீறல் விழாமல். நல்லசிவத்தின் துப்பாக்கிமுனைக்கு எதிரே ஒரு சமையல்கட்டு வந்து நின்றது, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சுடுவதென்றால் குழம்புச்சட்டியைத்தான் சுடவேண்டும். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்து, "மாங்காய் போட்டிருக்காங்க" என்றாள்.

கருப்பசாமி கோயில் வாசலில் வெயிலுகந்தாள் நின்றாள். இடுப்பில் ரத்தம் கசிந்து சேலை ஒட்டியிருந்தது. முடிச்சை அவிழ்த்து வடத்தைக் கீழே போட்டாள். இந்தத் தடவை அவள் நின்றது வந்து சேர்ந்து நின்றது, அதனால் சண்டியரும் நின்றது.

"ஒரு தடவயாவது முன்னால மூக்க நீட்டுச்சா மொதலாளி? எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

 நல்லசிவம் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நடந்து வந்தார். சத்தியம் பண்ணின சாமி பக்கத்திலேயே அரிவாளோடு நின்றது.

"நாய் பழகிருச்சு. என் நாய், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நாக்கை மடித்து விசிலடித்தார். "ராஜா, வா."

சண்டியர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெயிலுகந்தாளின் குதிகாலை முகர்ந்தது.

"வராது மொதலாளி. நீங்கதான குதிகால விட்டு நகரக்கூடாதுன்னு சொல்லிப் பழக்கச் சொன்னீங்க" என்றாள் அவள். "நல்லாப் பழகிருச்சு."

மேலத்தெருவில் முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள், யாரென்று தெரியவில்லை. நல்லசிவத்துக்கு முகம் சிவந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், எது அவர் தெரு எது இவள் தெரு என்று பிரிக்கத் தெரியாமல் வீடுகள் கலந்து நின்றன, கல் கோயில் வாசலில் நின்றது.

"இந்தக் கல்ல எடுத்துக் கொண்டுபோய்ப் பழைய எடத்துல போடு. இப்பவே போடணும்."

"நான் நாய் பழக்குறவ. கல்லு இழுக்குறது என் வேல இல்ல, இன்னைக்கு ஒரு நாள்தான் இழுத்தேன்" என்றாள் வெயிலுகந்தாள். "வடம் அந்தா கெடக்கு. நீங்க இழுங்க."

அவர் இழுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று இழுத்தார். போதாதென்று தன் பங்காளிகளைக் கூப்பிட்டார், அவர்கள் தங்கள் மச்சினன்மாரைக் கூப்பிட்டார்கள், மேலத்தெரு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் கிழக்கே கீழ்நோக்கி, காலியாகக் கிடந்த பள்ளத்தைப் பார்த்து நின்று, ஒன்றுசேர்ந்து தம் பிடித்து இழுத்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. கீழத்தெருப் பெண்கள் அவசரப்படாமல் கொடியில் கிடந்த துணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்துக்குப் போகவேண்டும் என்று இழுத்தவர்களில் ஒருவருக்கும் ஆசை இல்லை, கல் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

சண்டியர் வெயிலுகந்தாளின் குதிகாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவர்கள் இழுப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.